மூணாவது மாடிக்கு இரண்டு பேர்

வரலட்சுமி கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து, எண்ணூர் கழிமுகத்தின் கரையில் எல்லோரும் ஈரக் காலோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் மூன்று வாரத்தில் தென்மண்டல டிராகன் படகுப் போட்டி; இருபது பேர் துடுப்புப் போடுகிற நீளப் படகு. முதல் முறையாக அவர்கள் படகுச் சங்கம் நடத்துகிறது. கொல்லம், புதுச்சேரி, தூத்துக்குடி, காக்கிநாடா என்று நான்கு ஊர் அணிகள் வருகின்றன. வருகிறவர்களை லாட்ஜில் போட வேண்டாம், நம் வீடுகளிலேயே தங்கவைத்துக்கொள்வோம் என்று முடிவாகியிருந்தது. யார் வீட்டில் எத்தனை பேர் என்று சினேகா நோட்டும் கையுமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். படகின் முன்பக்கம் உட்கார்ந்து மேளம் அடிக்கிறவள் அவள்தான். அணியிலேயே எடை குறைந்தவள், குரல் கூடியவள். வாரா வாரம் வாட்ஸப்பில் ‘சங்கச் செய்தி’ எழுதிப் போடுவதும் அவள்தான்.

“எங்க வூட்ல நாலு பேரு எய்திக்கோ” என்றாள் பவுனம்மாள். “மேல ரெண்டு வந்தாலும் கொயம்புல தண்ணி ஊத்திக்கலாம்.”

பவுனம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. படகில் நாலாவது பலகையில் வரலட்சுமிக்கு அவள்தான் ஜோடி. இவள் இடப்பக்கம் துடுப்புப் போட்டால் அவள் வலப்பக்கம். இரண்டு வருடமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில், மூச்சை வைத்தே ஒருத்தி மனசு இன்னொருத்திக்குத் தெரியும். பவுனம்மாள் நாலு என்று சொன்ன சூட்டில்தான் வரலட்சுமியின் கை மேலே போயிருக்க வேண்டும்.

“ரெண்டு பேரு” என்றாள் வரலட்சுமி.

“வியாசர்பாடி, ரெண்டு” என்று சினேகா எழுதிக்கொண்டாள்.

பஸ் ஏறி உட்கார்ந்ததும்தான் வீட்டின் அளவு நினைவுக்கு வந்தது. ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, ஒரு குளியலறை. அவள், அவள் கணவன் குணசேகரன், கல்லூரியில் படிக்கும் மகள் ஷாலு என்று மூன்று பேர் படுத்தாலே ஹாலில் காலை நீட்டினால் ஃபிரிஜ் இடிக்கும். இதில் முன்பின் தெரியாத இரண்டு பேரை எங்கே படுக்கவைப்பது? மாதவரம் பால் பண்ணையில் பாக்கெட் பிரிவில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். பெல்ட்டில் வரும் பாக்கெட்டில் ஓட்டை இருந்தால் கண் படும் முன்பே கை எடுத்துவிடும். அந்தக் கையா இப்படிக் காட்டிக்கொடுத்தது என்று அதையே வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குணசேகரன் பெரம்பூர் ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

“நம்ம வூட்லயா?”

“ஆமா.”

“எங்க படுப்பாங்க?”

“அத்தான் நானும் கேட்டுகினு வரேன்.”

“பாத்ரூம் கதவுக்குத் தாப்பா கெடயாது, தெரியும்ல?”

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. பதினோரு வருடமாக அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருக்கிறவர் பக்கெட்டைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார். வெளியே வருகிறவர் இருமிக்கொண்டே வருவார். வீட்டாருக்கு அது பழகிப்போனது. கொல்லத்திலிருந்து வருகிறவர்களை இருமச் சொல்ல முடியுமா?

“வேணாம்னு சொல்லிடட்டுமா?” என்றாள்.

குணசேகரன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “சொல்லிட்டு வந்துட்ட. அப்பால வேணாம்னா நல்லா இருக்காது” என்றான்.

அதற்குப் பிறகு அவள்தான் பயந்துகொண்டிருந்தாள். அவன் வேலையில் இறங்கிவிட்டான். மறுநாளே துருப்பிடிக்காத எஃகில் ஒரு தாழ்ப்பாளைத் தன் கையால் செய்து கொண்டுவந்தான். வங்கிப் பெட்டகத்துக்குப் போடலாம், அவ்வளவு கனம். அதைத் தாங்குகிற தெம்பு கதவுக்கு இல்லை என்பதால் கதவின் ஓரத்தில் இரும்புப் பட்டை அடித்தான். பட்டைக்குப் பொருத்தமாகக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தான். கதவு பளிச்சென்று ஆனதும் சுவர் அழுக்காகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு சுவரும் பச்சையாகிவிட்டது. அண்ணல் படத்தையும் புத்தர் படத்தையும் கழற்றித் துடைத்து மாட்டினார்கள்.

சேதி மாடிப்படி வழியாக இறங்கிப் பரவியது. கீழ் வீட்டு ரமாபாய் தன் மகனுக்கு வாங்கிய மடக்குக் கட்டிலை ஆள் வைத்து மேலே அனுப்பினாள். சாயங்காலங்களில் தெருமுனையில் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் போடுகிறவள் அவள். கட்டிலோடு கூடவே, “வர்றவங்க இன்னா துன்னுவாங்க, கேட்டு வெச்சுக்க” என்றும் சொல்லி அனுப்பினாள். யார் யாரோ தலையணை கொண்டுவந்தார்கள். எதிர் பிளாக் ரஹீமுன்னிசா புதுப் போர்வை இரண்டைப் பிரிக்காமல் கவரோடு கொடுத்தாள். மோட்டார் போடுகிற ஆள், அந்த இரண்டு நாளும் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் நிற்காது என்று தானாகவே வந்து வாக்குக் கொடுத்தான். ஷாலு மட்டும், “ம்மா, அவங்க வர்றதுக்கு நம்மள விட பில்டிங்குதான் ஜாஸ்தி ரெடியா கீது” என்று சிரித்தாள்.

நடுவில் சங்கச் செய்தியும் வந்துகொண்டிருந்தது. பாஸ்கர் அண்ணனுக்குத் தோள்பட்டை வலி. இரண்டு வாரம் துடுப்புப் பிடிக்கக் கூடாது. கரையில் நின்று யோசனை சொல்வதையும் அவர் நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. படகுக்குள் நீல நிற இடக்கால் செருப்பு ஒன்று கிடந்தது. உரியவர் வலக்கால் செருப்பைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். டிராகன் தலைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப்பட்டுள்ளது. விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஆசைப்பட்டு மீசையும் வைத்துவிட்டார். அழிக்கச் சொல்வதா வேண்டாமா என்று கருத்துக் கேட்கப்படுகிறது. முப்பத்தொரு பேர் மீசை இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். வரலட்சுமியும் அதில் ஒருத்தி.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் விருந்தினர் பட்டியல் வந்தது.

அவள் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆன்சி, ஜெசிந்தா, கொல்லம் அணி என்று இரண்டு பெயர் அவள் வீட்டுக்கு என்று போன வாரமே சினேகா சொல்லியிருந்தாள். பட்டியலில் அந்தப் பெயர்களுக்கு எதிரே ‘திருவொற்றியூர் கல்யாண மண்டபம், மாடி அறை’ என்று இருந்தது.

முதலில் அவளுக்கு நெஞ்சு லேசானது. மூன்று வாரமாகத் தலையில் வைத்திருந்த அரிசி மூட்டையை யாரோ வாங்கி இறக்கிவைத்த மாதிரி. அப்பாடா என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது.

குணசேகரன் ஸ்டூலின் மேல் நின்று ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். போனை அவனிடம் நீட்டினாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். இரண்டு தரம் படித்தான். பிறகு துணியை மடித்து ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, “சரி, வுடு” என்றான்.

அந்த ‘சரி’தான் அவளைக் குத்தியது. எத்தனையோ இடத்தில் அவன் அந்தச் ‘சரி’யைச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போன காலத்தில், பேட்டை பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறும்போதெல்லாம் அதே ‘சரி’தான். அப்பாடா என்று தான் மூச்சு விட்டது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை வாங்கிப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை ஒழுங்காகப் படித்தாள். பவுனம்மாள் வீட்டில் நாலு பேர், அப்படியே இருந்தது. ராயபுரத்தில் மூன்று பேர், அப்படியே இருந்தது. எண்ணூர் குப்பத்து வீடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. மாறியது இரண்டே வீடு. ஒன்று அவளுடையது. இன்னொன்று, இதே படகில் துடுப்புப் போடும் வல்லரசுவின் புளியந்தோப்பு வீடு.

மறுநாள் விடியற்காலைப் பயிற்சிக்கு அவள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். கழிமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் தலையில் விளக்கு இன்னும் அணையவில்லை. திருமுருகன் தனியாகப் படகுக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். சங்கத்தின் செயலாளர் அவன். படகின் பின்னால் நின்று சுக்கான் பிடிக்கிறவனும் அவன்தான். எண்ணூர் குப்பத்துப் பிள்ளை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இவளைவிட நாலு வயது இளையவன். நல்லவன்தான். அதுதான் அவளுக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

“திரு, எங்க வூட்டு ஆளுங்கள எதுக்கு மாத்துன?”

அவன் நிமிர்ந்தான். “உனக்கு செரமம் வேணாம்னுதான்க்கா. ஷிஃப்டுக்குப் போற, வர்ற. மூணாவது மாடி வேற.”

“செரமம்னு நான் சொன்னனா?”

“சொல்லலக்கா.”

“பவுனக்கா ராவுல மூணு மணிக்கு ஏலத்துக்குப் போவுது. அதுக்கு செரமம் இல்லியா? அது வூட்டுக்கு நாலு பேர அனுப்பிக்கீற.”

திருமுருகன் இறைக்கும் டப்பாவைக் கீழே வைத்தான். தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னான். “வெளியூர் ஜனங்கக்கா. போன்ல வியாசர்பாடின்னு தேடிப் பாத்தா இன்னா வரும்னு உனக்கே தெரியும். வெட்டு, குத்துன்னு. லேடீஸ் வேற. பயந்துட்டாங்கன்னா சங்கத்துக்குப் பேரு கெட்டுடும்னு நெனச்சேன்.”

“போன்ல வர்றது கெடக்கட்டும். நீ எங்க வூட்டாண்ட எத்தினி தபா வந்துகீற?”

அவன் டப்பாவை மறுபடி கையில் எடுத்தான்.

“உன் புது வூட்டுல பால் காச்சுனப்ப நானும் அவரும் வந்தோம். பாலே நான்தான் எடுத்தாந்தேன். உன் பொண்ணு காது குத்துக்கு வந்தோம். ரெண்டு வருசத்துல நீ ஒரு தபா என் வூட்டுப் படி ஏறுனியா? நீ பாக்காத வூட்ட, அவங்க பயப்படுவாங்கன்னு நீ எப்பிடி சொல்லுவ?”

குரல் உயரவில்லை. துடுப்பை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். பவுனம்மாள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து மறுபடி செருகிக்கொண்டு, வரலட்சுமியின் பக்கத்தில் வந்து நின்றாள், படகில் உட்கார்கிற மாதிரியே தோள் உரச.

“தப்புதான்க்கா” என்றான் திருமுருகன். காது மடல் சிவந்திருந்தது. “நான் அப்பிடி நெனச்சு செய்யல. ஆனா செஞ்சது அப்பிடித்தான் கீது. இப்பவே மாத்தச் சொல்லிடறேன்.”

“நீ மாத்த வேணாம். மண்டபம்னு அவங்களுக்குச் சொல்லியாச்சு இல்ல? நான் ஸ்டேஷனுக்குப் போறேன். எங்க வூடு இன்னான்னு நானே சொல்றேன். அவங்க வர்றேன்னா வரட்டும். மண்டபம்தான்னா நானே ஆட்டோ வெச்சு அனுப்புறேன். வல்லரசுகிட்ட மட்டும் நீ போயி பேசு. போன்ல இல்ல, நேர்ல.”

அன்று பயிற்சியில் திருமுருகன் வழக்கம்போல் கத்தவில்லை. படகு என்னவோ நேராகத்தான் போனது.

சனிக்கிழமை காலை கொல்லத்து ரயில் பெரம்பூரில் நின்றபோது பிளாட்பாரத்தில் வரலட்சுமியும் ஷாலுவும் நின்றிருந்தார்கள். குணசேகரன் வரவில்லை. வீட்டில் இருந்து எல்லாவற்றையும் ஒரு தரம் பார்க்கிறேன் என்று சொன்னான். அவர்கள் வரமாட்டோம் என்று சொன்னால் அந்த இடத்தில் தன் முகம் எப்படி ஆகும் என்று அவனுக்கே தெரியும் போல.

இருபத்திரண்டு பேர் நீல டி-ஷர்ட்டில் இறங்கினார்கள். உறை போட்ட துடுப்புகள் ஒவ்வொருவர் முதுகிலும் நீட்டிக்கொண்டிருந்தன. ஆன்சியைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. எல்லோர் பையையும் எண்ணிக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டு நின்ற உயரமான பெண் அவள்தான். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை என்று பிற்பாடு தெரிந்தது. பக்கத்தில் சுருட்டை முடியோடு நின்ற ஜெசிந்தா நர்ஸ்.

வரலட்சுமி ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள். “உங்களுக்கு முதல்ல எங்க வீட்லதான் போட்டிருந்தாங்க. அப்புறம் மண்டபத்துக்கு மாத்திட்டாங்க. எங்க வீடு சின்னது. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கட்டில், மத்தது பாய். வியாசர்பாடி. நீங்க எங்க வேணும்னாலும் தங்கலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

அது அவளுக்குப் பழக்கமில்லாத தமிழ். புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினாள்.

ஆன்சி ஜெசிந்தாவைப் பார்த்தாள். இருவரும் மலையாளத்தில் வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தாதான் கேட்டாள். தமிழ் அவளுக்கு ஓரளவு வந்தது. நாகர்கோவிலில் மூன்று வருடம் வேலை பார்த்தவள்.

“சேச்சி, ஒரு சம்சயம். போன வருஷம் போட்டில எங்கள ஒரு மண்டபத்துல போட்டாங்க. முப்பது பேருக்கு ஒரு பாத்ரூம். அதுக்கும் கதவு பூட்டாது. உங்க வீட்டு பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?”

வரலட்சுமிக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஷாலுவும் சிரித்தாள். ஒன்றும் புரியாமல் ஆன்சியும் ஜெசிந்தாவும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“கீது” என்றாள் வரலட்சுமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பழகிய தமிழ் தானாகத் திரும்பி வந்துவிட்டது. “யானையே வந்து முட்டுனாலும் தொறக்காது. வாங்க.”

படியில் ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தே இருந்தன. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஏதோ தற்செயலாக வாசலில் நிற்கிற மாதிரி எல்லோரும் நின்றார்கள். மேலே குணசேகரன் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். “வாங்க, வாங்க” என்றான். ஜெசிந்தா நேராகக் குளியலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வீடெங்கும் கணீரென்று கேட்டது. “சூப்பர், சேட்டா” என்று உள்ளிருந்தே கத்தினாள். குணசேகரன் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். அப்போது அவன் எப்படிச் சிரித்தான் என்று ஷாலு மட்டும்தான் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு வரலட்சுமி பயந்து பயந்து சமைத்திருந்தாள். யார் எதைச் சாப்பிடுவார்களோ என்று சாம்பாரும் உருளைக்கிழங்கும், ஒரு பாத்திரத்தில் கோழியும். ஆன்சி தட்டின் முன் உட்கார்ந்துவிட்டு மூக்கை உயர்த்தினாள். கீழ் வீட்டிலிருந்து, சாயங்கால வண்டிக்காக ரமாபாய் வறுத்துக்கொண்டிருந்த மணம் படியேறி வந்துகொண்டிருந்தது.

“சேச்சி” என்றாள் ஆன்சி, மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்ற முகத்தோடு. “இது பீஃப் அல்லே?”

வரலட்சுமி குணசேகரனைப் பார்த்தாள். குணசேகரன் வரலட்சுமியைப் பார்த்தான். ஷாலு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினாள். திரும்பி வரும்போது ரமாபாயும் கூடவே வந்தாள், வாணலியோடு. அதன் பிறகு அந்த வீட்டில் சாம்பாரைச் சீண்ட ஆள் இல்லை. தேங்காய்ப் பல் போடாமல் எப்படி இவ்வளவு ருசி என்று ஆன்சி கேட்க, தேங்காய்ப் பல்லை எதற்குப் போட வேண்டும் என்று ரமாபாய் கேட்க, பாஷை தெரியாமலே இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பயிற்சி முடிந்து கொல்லத்துப் பெண்கள் இரண்டு பேரும் ஷாலுவோடு மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது, கதவை யாரோ தட்டினார்கள். திருமுருகன் நின்றிருந்தான். கையில் ஒரு வாழைப்பழச் சீப்பு. இன்னொரு கையில் நாளைக்கு முதுகில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டைகள்.

“இத்தக் குடுத்துட்டுப் போலாம்னு” என்றான்.

அட்டையை நாளைக்குக் கரையிலேயே கொடுக்கலாம் என்பது மூன்று பேருக்கும் தெரியும். குணசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். “குந்து.”

திருமுருகன் உட்கார்ந்தான். பச்சைச் சுவரைப் பார்த்தான், படங்களைப் பார்த்தான், கட்டிலில் மடித்துவைத்த போர்வைகளைப் பார்த்தான். “வல்லரசு வூட்டுக்கும் போயிட்டு வந்தேன்க்கா” என்றான். “தூத்துக்குடி ஆளுங்க ரெண்டு பேரும் அங்கதான் கீறாங்க. கேரம் ஆடிகினு கீறாங்க. அவன் இன்னும் என்னாண்ட சரியா பேசல.”

“பேசுவான். நாளாவும்” என்றாள் வரலட்சுமி. அவளுக்கும் உள்ளே முழுதாக ஆறிவிடவில்லை. ஆனாலும் அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிரேன் மேல் லிஃப்டில் ஏறிப் பழகியவன். டம்ளரில் டீயை ஊற்றி, மத்தியானத்து வறுவலில் மிச்சம் இருந்ததைச் சூடு பண்ணித் தட்டில் வைத்தாள். அவன் ஒரு கணம் தட்டைப் பார்த்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, “யாரு செஞ்சது?” என்று கேட்டான். “கீய் வூடு” என்றான் குணசேகரன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்பது போலத் திருமுருகன் வாணலியைப் பார்க்க, வரலட்சுமி எழுந்து போய் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தின் இரண்டு கரையிலும் கூட்டம். காசிமேட்டிலிருந்து மீன் ஏலத்தை முடித்துக்கொண்டு வந்தவர்கள், குப்பத்து ஜனங்கள், பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் குணசேகரனோடு வேலை பார்ப்பவர்கள். பத்து மணிக்குக் குட்டியானை வண்டி இரண்டில் வியாசர்பாடி பிளாக் வந்து இறங்கியது. ரமாபாய் ஒரு குடையோடு முன்னால் வந்தாள். பறை கொண்டுவந்திருந்தார்கள்.

இறுதிப் போட்டி ஐந்நூறு மீட்டர். முதல் தடத்தில் மீசை வைத்த டிராகன், அடுத்த தடத்தில் கொல்லம், அதற்கப்பால் புதுச்சேரி. தொடக்கக் கோட்டில் படகுகள் ஆடிக்கொண்டிருந்தபோது அடுத்த படகிலிருந்து ஆன்சி திரும்பிப் பார்த்து, “சேச்சி, ரயிலுக்குச் சாப்பிட என்ன?” என்று கேட்டாள்.

“தோத்துட்டு வா, சொல்றேன்” என்றாள் வரலட்சுமி. பவுனம்மாள் குலுங்கிச் சிரித்ததில் படகே அசைந்தது. பின்னாலிருந்து திருமுருகன், “நாலாவது பலகை, வாய மூடு” என்று அதட்டினான். அவன் பழையபடி கத்த ஆரம்பித்துவிட்டான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

விசில் அடித்ததும் பிற சத்தங்கள் எல்லாம் போய்விட்டன. சினேகாவின் மேளம், இருபது துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும் ஓசை, பக்கத்தில் பவுனம்மாளின் மூச்சு. பாதித் தூரம் வரை கொல்லத்துப் படகும் இவர்களும் சரிக்குச் சரியாகப் போனார்கள். அதன் பிறகு கொல்லம் அழுத்தியது. ஆன்சியின் தோள் ஏறி இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது; ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரு முழம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கரையில் பறை அடித்தவர்கள் யாருக்கு அடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. “வரலட்சுமி” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த மூச்சில் அதே குரல், “ஆன்சி” என்றது. ரமாபாயின் குரல்.

கொல்லம் முதலில் வந்தது. கடைசி இருபது மீட்டரில் புதுச்சேரியும் இவர்களைத் தாண்டிவிட்டது. இவர்கள் மூன்றாவது.

துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு பவுனம்மாள், புதுச்சேரிக்காரர்களைக் காசிமேட்டில் மட்டுமே சொல்லக்கூடிய சொற்களால் நிதானமாகத் திட்டினாள். அவள் வீட்டில் தங்கியிருந்த நாலு பேரும் அந்தப் படகில்தான் இருந்தார்கள். “எங்கூட்டு வஞ்சிரத்தத் துன்னுட்டு எங்களயே தாண்டறானுங்க பாரு” என்று அவள் முடித்தபோது வரலட்சுமியின் விலா வலித்தது. துடுப்புப் போட்டதாலா, சிரித்ததாலா என்று சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலமே கொல்லம் அணிக்கு ரயில். குணசேகரன் இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். ரமாபாய் ஒரு டப்பாவைத் துணியால் இறுகக் கட்டி ஆன்சியிடம் கொடுத்து, “தேங்கா போட்டுக் கெடுத்துடாத” என்றாள். ஜெசிந்தா ஷாலுவைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருடம் போட்டி கொல்லத்தில் நடக்கும் என்றும், தங்கள் வீட்டில் நாய் உண்டு, அது கடிக்காது என்றும், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னாள். ஆட்டோ கிளம்பியதும் குணசேகரன் கொஞ்ச நேரம் அந்தத் திசையிலேயே நின்றான். பிறகு, “மோட்டார்க்காரனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்” என்று சொல்லிக்கொண்டு நடந்தான்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் வரலட்சுமியால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. பெல்ட்டில் பாக்கெட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எதிரே நின்று வேலை பார்க்கும் தாயம்மா கேட்டாள்.

“போட்டி இன்னாச்சு? யாரு ஜெயிச்சது?”

“எங்க வூட்ல தங்குனவங்க” என்றாள் வரலட்சுமி, ஓட்டைப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டபடி.